ஒரே பந்தியில் வளர்ந்த பள்ளிக்கூடம்

புனேயிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் ஊருக்குப் போகும் நம்மவர்கள் சாத்தாராவைத் தாண்டித்தான் செல்கிறார்கள். பலருக்கு அது வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவே. ஆனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு தொழிலாளியும் அறியவேண்டிய பெருமகன் ஒருவர் அங்கே வாழ்ந்தார். அவர்தான் 'கர்மவீரர்' பாவுராவ் பாட்டீல்.

1919-ல் கராடுக்கு அருகே காலே என்ற கிராமத்தில் 'ரயத் சிக்ஷண் சன்ஸ்தா'வை அவர் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவன். பெயரிலேயே நோக்கம் இருக்கிறது. 1924-ல் சாத்தாராவில் மாணவர் விடுதி திறந்தார். தீண்டாமை தலைவிரித்தாடிய அந்நாளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒரே பந்தியில் உண்டார்கள். சமையலும் வயல் வேலையும் அவர்கள் கையாலேயே நடந்தன. 1927-ல் காந்தியடிகள் வந்து, விடுதிக்குச் சாஹு மகாராஜாவின் பெயரைச் சூட்டினார். பணமுடை வந்தபோது பிள்ளைகளின் பசி தீர்க்கத் தம் மாங்கல்யத்தையே கொடுத்தார், பாட்டீலின் மனைவி லட்சுமிபாய்.

சமத்துவத்தைக் கரும்பலகையில் எழுதினால் போதாது, பந்தியிலும் வேலையிலும் காட்டவேண்டும் என்பதே அவர் நடத்திய பாடம்.

நமக்கும் இடம் உண்டு

தேஹு ரோடுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 1954 டிசம்பர் 25-ல் டாக்டர் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய மண் இது.

அன்று தனி மனிதர் செய்ததை இன்று சட்டமே கேட்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் உள்ளாட்சிப் பள்ளிகளில் நிர்வாகக் குழு இருக்கவேண்டும். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கும் உரிய பங்கு உண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும், மானியப் பணம் செலவாகும் விதத்தைக் கவனிப்பதும் அக்குழுவின் வேலை.

நம்மவர்களோ, "மராத்தி சரியாக வராதே, ஷிப்டை விட்டுப் போகமுடியுமா?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். நாம் விட்ட நாற்காலி காலியாக இருக்காது. வேறொருவர் அமர்ந்து நம் பிள்ளைக்கும் சேர்த்து முடிவு செய்வார்.

நல்ல தலைமையாசிரியர் பெற்றோரின் கேள்விக்கு அஞ்சமாட்டார். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். தந்தைக்கு டியூட்டி என்றால் தாய் போகட்டும். மராத்தி தடுமாறினால், அதை நன்கு பேசும் பக்கத்து வீட்டாரை முன்கூட்டியே கலந்து, கேட்கவேண்டியதை எழுதிக்கொண்டு போகலாம். வகுப்பில் கடைசி வரிசையில் யார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.