குடோன் வேலைக்கும் சர்டிபிகேட் உண்டு! லோடுமேன்களும் பரீட்சை எழுதலாம்

கோவில்பட்டி:

தீப்பெட்டி பண்டல், கடலைமிட்டாய் பெட்டி, உளுந்து மூட்டை, மக்காச்சோள மூட்டை... நம்ம ஊரில் குடோனுக்கு பஞ்சமே இல்லை.

அந்த குடோன்களில் 15 வருஷமாக வேலை பார்ப்பவரிடம் ‘என்ன படிச்சிருக்கீங்க?’ என்று கேட்டால், ‘எட்டாவது தான் அண்ணாச்சி’ என்பார். ஆனால் மூட்டைக்குள் கையை விட்டாலே பயறு காய்ந்ததா, ஈரமா என்று சொல்லி விடுவார்.

வேலை தெரியும். தெரியும் என்று காட்ட ஒரு துண்டு பேப்பர் கிடையாது. தூத்துக்குடியிலோ, சென்னை பக்கமோ கம்பெனி குடோன்களில் போய் நின்றால் அங்கே தான் சிக்கல்.

இதற்காகவே ‘வேர்ஹவுஸ்’ படிப்புகள் வந்திருக்கின்றன.

யார் தருவது?

சென்னையை தலைமையிடமாக கொண்ட லாஜிஸ்டிக்ஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் தான் இதற்கான பாடங்களை வகுத்துள்ளது. சரக்கு எடுத்து வைப்பவர், பேக்கிங் செய்பவர், ஸ்டாக் கணக்கு பார்ப்பவர், போர்க்லிப்ட் ஓட்டுபவர், சூப்பர்வைசர் என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி சர்டிபிகேட்.

2013-ல் மத்திய அரசு கொண்டு வந்த திறன் தகுதி முறைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படி நிலை உண்டு. கீழ்ப்படியில் சேர பெரிய படிப்பு தேவையில்லை. சூப்பர்வைசர் என்றால் கூடுதல் படிப்பும் அனுபவமும் கேட்பார்கள்.

மூட்டை தூக்க ஒரு படிப்பா?

இப்படி கிண்டல் பண்ணுபவர்கள் ஒரு கணக்கை பார்க்கட்டும். ஒரு பண்டலில் 600 தீப்பெட்டி. நோட்டில் 400 பண்டல், குடோனில் 396 என்றால், காணாமல் போனது 2 ஆயிரத்து 400 தீப்பெட்டி. பெட்டி 2 ரூபாய் என்றால் கடை விலையில் 4 ஆயிரத்து 800 ரூபாய்! பழி யார் தலையில் விழும்? சாவி வைத்திருப்பவர் தலையில் தான்.

வந்த சரக்கை பில்லோடு சரிபார்ப்பது, எந்த வரிசையில் எந்த அடுக்கு என்று குறிப்பது, ஸ்கேனரில் பதிவது, முதலில் வந்ததை முதலில் அனுப்புவது... பாடத்தில் பாதி இது தான். தின்பண்டம் என்றால் எது முதலில் காலாவதி ஆகுமோ அது முதலில் போகணும். கடலைமிட்டாய் குடோனில் இதை கோட்டை விட்டால் சரக்கு திரும்பி வரும்.

அடுத்தது பாதுகாப்பு. நம்ம தீப்பெட்டி கப்பல் ஏறும்போது ‘ஆபத்தான சரக்கு’ பட்டியலில் வருகிறது. எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், வகுப்பு 4.1, ஐ.நா. எண் 1944 என்று குறிக்க வேண்டும். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் அந்த லேபிளை படிக்க தெரிந்தவருக்கு துறைமுக குடோனில் மரியாதையே தனி.

கரிசல் காட்டு விளைச்சலுக்கும் பாடம் உண்டு. புரட்டாசி பட்டத்தில் விதைத்த உளுந்தும் பாசியும் தை, மாசியில் மூட்டையாக வந்து இறங்கும். வெறும் தரையில் அடுக்காமல் கட்டை போட்டு அடுக்கணும். சுவரை ஒட்டி வைக்க கூடாது. ஈரம் கூடினால் பூஞ்சை, வண்டு. நிலக்கடலையில் பூஞ்சை விழுந்தால் அது விஷம்.

அனுபவசாலிக்கு தனி வழி

ஏற்கனவே இந்த வேலையில் இருப்பவர்கள் மாசக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ‘ஆர்.பி.எல்.’ என்ற முறை இருக்கிறது. தெரிந்த வேலையை சோதித்து சர்டிபிகேட் தருவது. சில நாள் விளக்க வகுப்பு, பிறகு பரீட்சை. செய்முறை தேர்வு உண்டு. பயிற்சி கொடுத்தவரே மார்க் போட முடியாது, வெளியில் இருந்து வேறு ஒருவர் வருவார்.

கிராமத்து இளைஞர்களுக்கு 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாயா ஊரக திறன் பயிற்சி திட்டமும் இருக்கிறது. இதில் வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கு 45 வரை. பயிற்சிக்கு காசு கிடையாது.

உஷார்!

‘பத்தாயிரம் கொடு, ரெண்டே நாளில் போர்க்லிப்ட் சர்டிபிகேட்’ என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். வண்டியில் ஏறாமலே வாங்கும் சர்டிபிகேட்டை வைத்து 2 டன் சரக்கை தூக்கினால், கீழே நிற்பவன் கதி என்ன?

சர்டிபிகேட்டில் கியூ.ஆர். கோடு இருக்கிறதா, ஸ்கேன் பண்ணினால் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சேரும் முன்பே பயிற்சி மையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வேலைக்கான பாடம், எந்த படி நிலை என்று கேளுங்கள். அரசு திட்டத்தில் பீஸ் கேட்டால் அங்கேயே எழுந்து வந்து விடலாம்.

இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். சர்டிபிகேட் வாங்கிய மறுநாளே வேலை வீட்டுக்கு வராது. ஷிப்ட் வேலை, நைட் டியூட்டி, வெளியூர் வாசம் எல்லாம் இதில் உண்டு. சேரும் முன் வீட்டில் பேசிக்கொள்வது நல்லது.

விவரம் கேட்க தூத்துக்குடி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு போகலாம். ஆதார், படிப்பு சான்று, பேங்க் பாஸ்புக், போட்டோ கையோடு எடுத்துப் போங்கள். வேலை பார்த்த குடோனில் இருந்து எத்தனை வருஷம், என்ன வேலை என்று ஒரு கடிதம் வாங்கி வைத்தால், ஆர்.பி.எல்.லுக்கு உதவும்.