முன்பணம் யார் கையிலிருந்து வருகிறது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்வது தலைமுறைப் பழக்கம். தறி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பாவு, ஊடைக்கான பட்டு நூல், ஜரிகை எல்லாவற்றையும் கொடுத்தனுப்புவார்கள். நெசவாளர் சேலையாக நெய்து ஒப்படைத்துக் கூலி வாங்கிக்கொள்வார். கோர்வைச் சேலையென்றால் மூன்று நாடா ஓடவேண்டும், கரைக்குத் துணையாள் வேண்டும், நாளும் கூடுதலாகும். அத்தனை நாளும் விலையுயர்ந்த பட்டும் ஜரிகையும் நெசவாளர் வீட்டில்தான் இருக்கும். அதாவது, நம்பிப் பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் வேலை கொடுத்தவர். முன்பணமும் அவரிடமிருந்தே வருகிறது. அந்த முன்பணம் பல குடும்பங்களைக் கடனில் கட்டிப்போட்டதும் உண்மைதான். அது வேறு வழக்கு. பணம் வரும் திசையை மட்டும் இங்கே பார்ப்போம். வாட்ஸ்அப்பில் வரும் 'பார்ட் டைம் ஜாப்' அழைப்புகளைச் சோதிக்க அந்தத் திசை ஒன்றே பெரும்பாலும் போதும்.

அந்த மோசடி இயங்கும் விதம் இதுதான். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுங்கள், ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று முதலில் சொல்வார்கள். செய்தால் நூறு, இருநூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே தினமும் பலர் தாங்கள் சம்பாதித்ததற்கு ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்கள் மோசடிக்காரர்களின் ஆட்களே. அடுத்து 'பிரீபெய்டு டாஸ்க்': ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் ஓரிரு முறை திரும்ப வரும். தொகை பெரிதானபின் லாபம் திரையில் மட்டுமே ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, கிரெடிட் ஸ்கோரைச் சரிசெய்யக் கட்டு என்று புதுக் காரணம் வரும். 2023 டிசம்பரில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் கொடுத்த பரிந்துரையின் பேரில் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. அவை குறிவைத்தது ஓய்வுபெற்றவர்களையும் பெண்களையும் வேலை தேடும் இளைஞர்களையும் என்று அரசே அறிவித்தது.

'எனக்குத்தான் பணம் வந்ததே, எப்படி மோசடியாகும்?' என்று கேட்பவர்கள் உண்டு. பெருந்துறை சுசி ஈமு பண்ணையின் கதை அவர்களுக்குப் பதில் சொல்லும். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஈமு குஞ்சுகள், தீவனம், வளர்ப்புக் கூலியாக மாதம் 6,000 ரூபாய் என்பது அதன் திட்டம். மேலோட்டமாகப் பார்த்தால் கூலித்தறி போலவே இருந்தது. பொருள் வீட்டுக்கு வந்தது, மாதாமாதம் பணமும் வந்தது. ஆனால் ஈமு இறைச்சியைக் காசு கொடுத்து வாங்கப் பெரிய சந்தை எதுவும் இல்லை. புதிதாகச் சேர்பவர் கட்டும் பணம்தான் பழையவருக்குக் கூலியாகப் போயிற்று. 2012-இல் அது நின்றது. பறவைகள் பட்டினி கிடந்தன, முதலீட்டாளர்கள் காவல்துறையிடம் போனார்கள். காஞ்சிபுரம் சேலைக்கோ காந்தி ரோட்டுக் கடையில் விலை கொடுக்க ஒரு கல்யாண வீடு இருக்கிறது; நெசவுக்கூலி அந்த விலையிலிருந்து வருகிறது. ஒரு லைக்குக்கு நூற்றைம்பது ரூபாய் என்றால், அதை யார், எதை விற்றுத் தருகிறார்கள்? இதற்குப் பதில் கிடைக்காதவரை, கைக்கு வந்த பணம் தூண்டில் இரைதான்.

இன்னொரு மறுப்புக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. சங்கத்தில் சேர நெசவாளரும் பங்குத்தொகை கட்டுகிறாரே, தறிக்கும் செலவழிக்கிறாரே என்று கேட்கலாம். கட்டுகிறார்தான். ஆனால் அது பதிவுபெற்ற, முகவரியுள்ள, நேரில் போய்க் கேட்கக்கூடிய சங்கத்தில். தறி அவருடைய சொந்தப் பொருளாகிறது. நெய்து முடித்த சேலைக்குக் கூலி கேட்டால் 'முதலில் இன்னும் பத்தாயிரம் கட்டு' என்று எந்தச் சங்கமும் சொல்வதில்லை. செய்த வேலைக்கான கூலியைப் பெறவே பணம் கேட்கிறார்கள் என்றால் அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. டேட்டா என்ட்ரி வேலை தந்துவிட்டு, பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவதும் இதே ரகம்.

பணமே கேட்காத ஒரு வலையும் இருக்கிறது; என் கணக்கில் அதுதான் அதிக ஆபத்து. 'உங்கள் வங்கிக் கணக்கை மட்டும் கொடுங்கள், வரும் பணத்தை மாற்றிவிட்டால் கமிஷன்' என்பார்கள். ஏமாந்தவர்களின் பணம் பல நேரங்களில் இப்படி வாடகைக் கணக்குகள் வழியாகத்தான் கிரிப்டோவாக மாறி நாட்டைவிட்டுப் போகிறது. கணக்கைக் கொடுத்தவரின் பெயர் வழக்கில் சேர்ந்துவிடும். மறுமுனையில் பேசுபவரும் விரும்பி வந்தவராக இருக்கவேண்டுமென்பதில்லை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்ற பேச்சை நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரில் அடைத்துவைக்கப்பட்டு இணைய மோசடிக்கு வற்புறுத்தப்பட்டார்கள்; 2022-இல் சிலர் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வெட்கத்தில் உரையாடல்களை அழித்துவிடக் கூடாது. பரிவர்த்தனை எண்ணும் அந்தப் பேச்சுகளும்தான் சாட்சி. இதன்பிறகு 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், சிறு கட்டணம் மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள்' என்று இன்னொருவர் வரக்கூடும். அவரும் மோசடிக்காரர்தான்; அதே கும்பலின் ஆளாகவும் இருக்கலாம்.