மூச்சுப் பயிற்சி ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கட்டும்

இரும்புலியூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால், தாம்பரம் தாண்டியதும் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய இடம். இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இப்படி நுரையீரலுக்கென்றே பெயர்பெற்ற வட்டாரத்தில்கூட, பித்தப்பைக்கோ குடலுக்கோ ஆபரேஷன் என்றால் யாரும் நுரையீரலை நினைப்பதில்லை.

மயக்க மருந்து கொடுத்ததும் நுரையீரலின் சில காற்றறைகள் சுருங்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் இது நடக்கும். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். மேல்வயிற்றில் தையல் போட்டவர்களுக்குத்தான் சிக்கல். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள், இருமலை அடக்குவார்கள். சளி தேங்கி நிமோனியாவில் முடியலாம். "அசையாமப் படு, தையல் பிரிஞ்சிடும்" என்று வீட்டார் அன்போடு சொல்வது நிலைமையை மோசமாக்கும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆபரேஷனுக்கு முன்பே இயன்முறை மருத்துவர் அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்கே நுரையீரல் சிக்கல் வந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம். மருந்தில்லை, இயந்திரமில்லை. வலியில் துடிக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். மயக்க மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளிலேயே இதைக் கேட்டுப் பெறுங்கள்.

பயிற்சி எளிது. சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக ஆழமாக இழுத்து, சில நொடிகள் நிறுத்தி விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம், பத்துப் பத்து மூச்சாக. தையல்மேல் தலையணையை அழுத்திக்கொண்டு இருமலாம். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி கொடுத்தால், பலர் அதை ஊதுகிறார்கள்; உறிஞ்ச வேண்டும். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும். வலி தாங்கவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். வலி குறைந்தால்தான் மூச்சு ஆழமாகும்.

புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தினால் நல்லது. அண்மையில் சளி, காய்ச்சல் வந்திருந்தால் மறைக்கக் கூடாது. வெறும் வயிறு என்றால் பால் கலந்த டீயும் கூடாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், மஞ்சள் அல்லது பச்சைச் சளி, வழக்கத்தைவிட வேகமான மூச்சு இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் திடீர்க் குழப்பம் மட்டும் வரலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் அன்றே போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், உதடு நீலம் பாரித்தல் என எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.