பட்டுச் சரக்கை அயல்நாட்டுக்கு அனுப்பும் ஏஜெண்டு

ஐயம்பேட்டைத் தறியிலிருந்து இறங்கிய புடவை சென்னைத் துறைமுகத்தை அடைய அரை நாள் போதும். அதற்கு அப்பாலுள்ள வழியைத்தான் நாம் அறியோம். உள்நாட்டு விற்பனையிலேயே பழகிய சங்கத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ நேராக ஓர் ஆர்டர் வருமாயின், இரண்டு மூன்று சரக்கு ஏஜெண்டுகளிடம் கட்டணம் விசாரித்து, குறைத்துச் சொன்னவரிடம் பெட்டிகளை ஒப்படைத்துவிடுவதே இயல்பு. பாவு நூல் வாங்குவதில் இம்முறை பலிக்கும்; நூலை நாம் கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா?

கப்பலில் ஒரு முழுக் கண்டெய்னரை நிரப்பும் அளவுக்கு நம்மிடம் சரக்கு இராது. பலருடைய பெட்டிகளோடு சேர்த்தே நம்முடையவையும் செல்லும். இவ்வகையில் கடல் கட்டணத்தை மிகக் குறைத்துச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. குறைத்த தொகை, சரக்கு இறங்கும் துறைமுகத்தில் பல பெயர்களில் வாங்குவோரின் தலையில் விழுகிறது. வாங்கியவர் மனங்கசந்து, அடுத்த ஆர்டரை வேறிடத்துக்குக் கொடுத்துவிடுவார். ஆதலால் இரு துறைமுகங்களின் செலவையும் சேர்த்து எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டும்.

இதனினும் பெரியது பொறுப்பைப் பற்றிய கேள்வி. 20 புடவைகள் கொண்ட ஒரு பெட்டி, கட்டுமானத்தோடு 15 கிலோ என்று கொள்வோம். புடவை ஒன்று 20,000 ரூபாய் எனில் பெட்டியின் மதிப்பு 4 லட்சம். அது விமானத்தில் தொலைந்தால் எவ்வளவு கிடைக்கும்? 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். மட்டுமே உச்ச அளவு. 2024 டிசம்பர் இறுதியில்தான் இது 22லிருந்து உயர்ந்தது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பெட்டிக்கு ஏறத்தாழ 45,000 ரூபாய் தேறும். மதிப்பை முன்னரே அறிவித்து மிகைக் கட்டணம் செலுத்தியிருந்தாலன்றி, எஞ்சிய மூன்றரை லட்சமும் நெசவாளியின் உழைப்போடு போயிற்று. சட்டம் எடையைப் பார்க்கிறது; ஜரிகையைப் பார்ப்பதில்லை.

கடல் வழியில் கணக்கு வேறு. 1993ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டப்படி, சிப்பம் ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2, இவற்றுள் எது அதிகமோ அது. இங்கே ரசீதின் வாசகம் முக்கியம். கண்டெய்னருள் இருப்பவை இத்தனை பெட்டிகள் என்று எண்ணிக்கை குறித்திருந்தால் ஒவ்வொரு பெட்டியும் தனிச் சிப்பமாகும்; குறிக்காவிடில் எல்லாம் சேர்ந்து ஒரே சிப்பமாகக் கொள்ளப்படும். ஒரு வரியை எழுதச் சோம்பும் ஏஜெண்டு நமக்கு வேண்டாம். ரசீது எவர் பெயரில் வருகிறது என்பதையும் கேட்கவேண்டும். இச்சட்டப்படி பதிவு பெற்றுத் தம் பெயரில் ரசீது தருபவர் வழி முழுவதற்கும் பொறுப்பேற்கிறார். தரகராக மட்டும் நிற்பவர், சேதம் நேர்ந்தபின் கப்பல் கம்பெனியைக் கைகாட்டுவார்.

எவரைத் தேர்ந்தாலும் இன்ஷூரன்ஸைச் சங்கமே தனியாக எடுத்தல் நன்று. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக்கொண்டது. மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கேற்கவேண்டும் என்று கப்பலின் சொந்தக்காரர் அறிவித்தார். பழுதின்றி இருந்த சரக்கையும் ஈடு காட்டாமல் மீட்க முடியவில்லை. இன்ஷூரன்ஸ் இருந்தவர்களுக்கு அந்தக் கம்பெனியே ஈடு நின்றது. இல்லாதவர்கள் ரொக்கம் கட்ட நேர்ந்தது.

பாலிசியில் ஈரத்தால் வரும் சேதமும் அடங்குகிறதா என்று பார்க்கவேண்டும். கண்டெய்னருள் இரவுக் குளிரில் நீர் வியர்த்துச் சொட்டுவதுண்டு. வெள்ளி ஜரிகை ஈரத்தில் கறுக்கும். ஏஜெண்டின் கிடங்கை ஒருமுறை நேரில் சென்று பார்த்து வருவதற்குப் பஸ் செலவு அதிகமன்று. தரை நனைந்திருக்கிறதா, பெட்டிகள் பலகைமேல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, மீன் சரக்கோ இரசாயனமோ அருகில் கிடக்கின்றனவா என்பனவற்றைக் கட்டணக் கடிதம் சொல்லாது.