பசியாவரத்தில் நெஞ்சு வலித்தால்: காப்பீட்டு அட்டை எதற்கு, ஆஸ்பத்திரி எதற்கு?

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிறது பசியாவரம். பக்கத்துப் பெரிய ஊரான பழவேற்காட்டுக்கும் அதற்கும் நடுவே தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கடக்க ஒரு பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். படகையே நம்பியிருந்த காலத்தில், பிரசவ வலி கண்டாலும் பாம்பு கடித்தாலும் முதலில் எழுப்ப வேண்டியவர் டாக்டர் அல்ல, படகுக்காரர். கரையேறினால் பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் என்றால் பொன்னேரி அரசு மருத்துவமனை. பொன்னேரியிலும் கைவிரித்தால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை. வடசென்னையின் பழைய தலைமுறை ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லும். 1782-ல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது.

மருத்துவச் செலவை அரசே ஆஸ்பத்திரி நடத்தி ஏற்க வேண்டுமா, காப்பீட்டிடம் விட்டுவிடலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் பிரிட்டனையும் அமெரிக்காவையும் இழுத்து வந்து நிறுத்துவது வழக்கம். பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி, வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் என்றது. அமெரிக்கா வேலை தரும் நிறுவனத்தின் காப்பீட்டை நம்பியது. முதியோருக்கும் ஏழைகளுக்கும் மட்டும் 1965-ல் அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தது. ஆனால் பசியாவரத்து மீனவரை நியூயார்க் நகரத்துக்காரரோடு ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? அதே வங்கக் கடலின் தெற்கே, அதே மொழி பேசி அதே மீனைப் பிடிப்பவர்கள் இலங்கையின் பேசாலையிலும் குருநகரிலும் நெடுந்தீவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் காப்பீட்டு அட்டை கிடையாது. ஆஸ்பத்திரி மட்டும்தான்.

முதலில் நம் பக்கத்து ஏற்பாட்டைப் பார்த்துவிடலாம். இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் "காப்பீடு" என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பாலிசியை அல்ல. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய அந்த அட்டையைத்தான் சொல்கிறார்கள். முதல் ஒப்பந்தம் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. 2012 முதல் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா நடத்துகிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2022-ல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

ஆண்டுக்கு 849 ரூபாயில் 5 லட்சத்துக்குப் பாதுகாப்பா என்று வாய் பிளக்க வேண்டாம். பெரிய சிகிச்சை எந்த ஆண்டிலும் கொஞ்சம் பேருக்குத்தான் தேவைப்படும் என்பதுதான் காப்பீட்டுக் கணக்கு. பழவேற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ஏரியில் வலை போடும் இடங்களை, "பாடு" என்று, சீட்டுப் போட்டு முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. இன்று நல்ல பாடு உனக்கு, நாளை எனக்கு. ஒருவனே எல்லா நாளும் பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கறாரும் உண்டு. பாட்டில் உரிமை உள்ள குடும்பமாக இருந்தால்தான் முறை வரும். அதே ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் பெண்களுக்குப் பாடு கிடையாது. காப்பீடும் அப்படித்தான், உறுப்பினருக்கு மட்டும்.

உறுப்பினர் ஆவது எப்படி? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று வேண்டும், குடும்ப அட்டை வேண்டும், ஆதார் வேண்டும். பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். பழவேற்காட்டுக்கு மாவட்டத் தலைநகர் திருவள்ளூர், வெகு தூரம். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுப் போய் வர வேண்டும். மாதம் 10,000 ரூபாய் என்ற வரம்பு, மாதச் சம்பளக்காரரை மனத்தில் வைத்துப் போட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலில் விசைப்படகுக்குத் தடை. ஏரியில் முகத்துவாரம் அடைபட்டால் மீன்வரத்தே குறையும். இந்த மனிதரின் "ஆண்டு வருமானம்" என்ன என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுவதற்குள் அவருக்கே தலை சுற்றும்.

அட்டை கையில் இருந்தால் என்ன நடக்கும்? ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்ததும், பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருந்தால் மருத்துவமனை முன்அனுமதி கேட்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த ஒரே தொகை, "பேக்கேஜ்", மருத்துவமனைக்குப் போகும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையானாலும் சரி, அரசு மருத்துவமனையானாலும் சரி. இது பலர் கவனிக்காத இடம். ஸ்டான்லியிலேயே அட்டையில் அறுவைச் சிகிச்சை செய்தால் காப்பீட்டு நிறுவனம் ஸ்டான்லிக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி கருவிகளுக்கும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் போகிறது. ஆக, அரசு மருத்துவமா காப்பீடா என்று எதிரெதிராக நிறுத்துவது தமிழ்நாட்டில் பொருந்தாது. அரசு தன் இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றும்போது நடுவில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நிற்கிறது, அவ்வளவுதான்.

கடையில் விலை கொடுத்து வாங்கும் தனியார் காப்பீடு வேறு உலகம். அங்கே வயதையும் நோயையும் பார்த்துத்தான் பிரீமியம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியது. நகரத்து மாதச் சம்பளக்காரருக்கு இவை நல்ல செய்தி. ஆயிரக்கணக்கில் பிரீமியத்தை ஆண்டுதோறும் தவறாமல் கட்டுவது என்பது, நாளைக்கு வலையில் என்ன விழும் என்று தெரியாத வீட்டில் நடக்கிற காரியமில்லை.

இனி இலங்கை. அங்கே இலவச மருத்துவம் யாரோ ஒரு தலைவரின் கருணையில் வந்ததல்ல. 1931-ல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35-ல் மலேரியா கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். வாக்கு கையில் இருந்த கிராமத்தான் ஆஸ்பத்திரி கேட்டான். அரசியல்வாதிகள் தொகுதிக்குத் தொகுதி கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1951-ல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1970-களில் கொஞ்ச காலம் ஒரு சிறு கட்டணம் வந்து போனது. வீடு தேடி வரும் குடும்பநல மருத்துவிச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரை ஒரே சங்கிலி. வருமானச் சான்று கேட்பதில்லை, அட்டை கேட்பதில்லை. கிளினிக் கொப்பி இருந்தால் போதும். உள்நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில்தான் படுக்கிறார்கள்.

விளைவு? பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பு இலங்கையில் ஒரு லட்சம் பேறுகளுக்குச் சுமார் 30. இந்திய மாதிரிப் பதிவு முறையின் 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19, இந்தியா முழுமைக்கும் 97. தமிழ்நாடு இந்தியாவில் முன்வரிசையில் இருக்கக் காரணமும் அட்டை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராமச் செவிலியர்கள், 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்பும் மருந்துகள், இவைதான். காப்பீடு வருவதற்கு முன்பே இவை வந்துவிட்டன.

ஆனால் இலங்கையைச் சொர்க்கமாக்கவும் கூடாது. வெளிநோயாளியாக வரிசையில் நிற்க நேரமில்லாதவர்கள் தனியாரிடம் "சனல்" பண்ணுகிறார்கள். காலையில் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கும் அதே நிபுணரை மாலையில் காசு கொடுத்துப் பார்ப்பார்கள். அரசு மருத்துவர்கள் தனியாகத் தொழில் செய்ய அங்கே சட்டப்படி அனுமதி உண்டு. அதனால் எல்லாம் இலவசம் என்ற நாட்டிலும் மொத்த மருத்துவச் செலவில் பாதியை நெருங்கும் பங்கு மக்கள் சட்டைப்பையிலிருந்து போகிறது. இந்தியாவில் அந்தப் பங்கு 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்ததாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கைப் பொருளியலாளர்களில் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. குறைந்தது உண்மையானாலும், இரண்டு நாட்டிலும் இந்தப் பணம் எதில் போகிறது என்று பாருங்கள்: மாத்திரை, பரிசோதனை, டாக்டர் ஃபீஸ்.

அரசையே முழுக்க நம்பினால் அரசு திவாலாகும்போது என்ன ஆகும் என்பதையும் இலங்கை காட்டியது. மருந்தில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி. 2022-ல் டாலர் தீர்ந்தபோது மருந்தும் தீர்ந்தது. மார்ச் மாதம் பேராதனை மருத்துவமனை மருந்தில்லாமல், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியது. மருத்துவர் இருந்தார், படுக்கை இருந்தது, தையல் நூல் இல்லை, மயக்க மருந்து இல்லை. இதைக் காட்டிக் காப்பீடு இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. காப்பீடு ரூபாயைத்தான் தரும், டாலரைத் தராது. இல்லாத மருந்தை எந்த அட்டையாலும் வாங்க முடியாது.

இப்போது பசியாவரத்தில் இரவு ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மணி நேரத்தில் அவருக்கு வேண்டியது ஸ்டென்ட் அல்ல. பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற மூன்று வகையில் 14 மாத்திரைகள். 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் இவை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. விலை சொற்பம். வருமானச் சான்று வேண்டாம், முன்அனுமதி வேண்டாம். அடுத்தது 108 ஆம்புலன்ஸ். பொன்னேரி, பிறகு சென்னை. ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று வரும்போதுதான் அட்டை வேலை செய்யத் தொடங்குகிறது. அங்கே அது மிக நன்றாகவே வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் படகையும் வலையையும் விற்க வேண்டியிருக்கும்.

நெடுந்தீவில் அதே வலி வந்தால்? தீவிலேயே அரசு வைத்தியசாலை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு, இரவானால் கடற்படையின் உதவி. கரையில் 1990 என்ற எண்ணில் அழைக்கும் அம்புலன்ஸ். அந்தச் சேவை 2016-ல் இந்திய அரசின் நன்கொடையில், தமிழ்நாட்டில் 108-ஐ நடத்தும் அதே நிறுவனத்தைக் கொண்டு தொடங்கப்பட்டு, 2018-ல் வடக்குக்கு வந்தது. காப்பீட்டு முறையில் நம்மிடம் கற்றுக்கொள்ளாத இலங்கை, வண்டியை மட்டும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. சரியாகத்தான் எடுத்தது என்பேன்.

வலி தணிந்து வீடு திரும்பிய பிறகு வருவதுதான் நீண்ட செலவு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் ஆயுசுக்கும் மாத்திரை. ஸ்டான்லிக்கு மாதாமாதம் பஸ். கூட வருபவரின் ஒரு நாள் வருமானம். காப்பீட்டு அட்டை ஏறத்தாழ முழுக்க உள்நோயாளிகளுக்கானது என்பதால் இதில் எதையும் அது தொடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. தண்ணீர் சூழ்ந்த ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. அதுவும் பொது மருத்துவம்தான், காப்பீடு அல்ல. மீனவர்களுக்கென்று தனி விபத்துக் காப்பீடு இருக்கிறது: மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம், விபத்தில் மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். ஆனால் திருக்கை முள் குத்தி, சீழ் பிடித்து, ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் கிடப்பவர் இந்தக் கணக்குகள் எதிலும் அடங்காதவர். அவருக்கு வேண்டியது ஒரு ஊசி, ஒரு கட்டு, அதைப் போட ஒரு செவிலியர்.

அதனால் என் பங்குக்கு இதைச் சொல்வேன்: முதல் ரூபாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும், கடைசி ரூபாய் அட்டைக்கு. இரண்டில் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால், எந்த நோய்க்கு, எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகும் என்றது. 2021-22-ல் அது 1.84-ஆகத்தான் இருந்தது.

யுனைடெட் இந்தியாவுடனான தற்போதைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கியது, 2027 ஜனவரியில் முடிகிறது. புதிய ஒப்பந்தத்தில் பிரீமியம் எவ்வளவு என்பதுதான் செய்தியாகும். வெளிநோயாளிச் சிகிச்சை அதற்குள் வருமா, வருமான வரம்பு 1,20,000-லேயே நிற்குமா, பதிவு செய்யத் திருவள்ளூருக்கே போக வேண்டுமா என்பவை பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள்.