கம்ப்யூட்டருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல்

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்யும் நம் சங்க அன்பர் ஒருவரின் கணக்குக் கம்ப்யூட்டர் தினம் ஒரு பிழை காட்டி நின்றது. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டும் பயனில்லை.

ஒரே வேலையில் ஒரே பிழை என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். வேளைக்கு ஒன்றாக வந்தால் வன்பொருளைப் பாருங்கள். ரயில்வேயில் நான் பட்ட பாடும் இதுதான். நாம் போய் நிற்கும்போது சிக்னல் ரிலே சமர்த்தாக வேலை செய்யும்!

ராமில் ஒரு பிட் புரண்டால் 500 என்பது 244 ஆகிவிடும். சிப்பின் உறையிலிருந்து வரும் ஆல்ஃபா துகளே பிட்டைப் புரட்டுவதை 1978-ல் இன்டெல் பொறியாளர்கள் விளக்கினார்கள். இங்கே காரணம் அவ்வளவு நுட்பமானதல்ல. கடலோர உப்புக் காற்றும் இடவப்பாதி ஈரமும்தான்.

முதலில் கணக்குகளைப் புது டிஸ்கில் நகலெடுத்தோம். பழைய நகலின் மேல் எழுதவே கூடாது. அதிலாவது சரியான எண் இருக்கும். பிறகு விண்டோஸிலேயே உள்ள நினைவகச் சோதனையை ஓட்டினோம், பிழை காட்டியது. மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டு ராம்களையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஒன்றின் தொடுமுனைகள் மங்கியிருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பொருத்தினோம். இரவு முழுவதும் சோதித்தும் பிழையில்லை. (அப்படியும் வந்திருந்தால் ஸ்லாட்டை மாற்றியிருப்போம். பிழை ராமோடு போனால் ராம் கெட்டது; ஸ்லாட்டிலேயே நின்றால் மதர்போர்டு.)

அன்பர் இப்போது பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கிறார். இதுவரை இரண்டு வரவுகள் மாறியிருக்கின்றன.