42 வயதில் டாலி பழகினேன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்பது, "டாலி படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும். ஆனால் டாலி மட்டுமே தெரிந்தால் அந்த வேலை நிலைப்பது கஷ்டம். எனக்கே அது போகப் பார்த்தது.

நாகர்கோவில் கோட்டாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 18 வருடம் சரக்கு ஏற்றி இறக்கினேன். முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியது. இனி மூட்டை தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியின் வளையலை அடகு வைத்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, மாலை வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாம் என்னை "அங்கிள்" என்று கூப்பிடும் வயது.

45 நாளில் கீகள் மனப்பாடம். பணம் கொடுத்தால் எப்5, வந்தால் எப்6, விற்றால் எப்8, வாங்கினால் எப்9. கன்ட்ரோல் + ஏ தட்டினால் சேவ். ஆனால் எது டெபிட், எது கிரெடிட் என்று கேட்டால் முழிப்பேன்.

கை கொடுத்தது மகளின் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகம். (தமிழ்நாடு பாடநூல் கழகம் இதைப் பி.டி.எப். பைலாக இலவசமாகவே தருகிறது.) அதில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு. இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். பணம் கைக்கு வந்தால் அது வரவுதானே? புத்தகமோ, ரொக்கக் கணக்கில் பற்று என்கிறது!

இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகு கடை நோட்டு நினைவுக்கு வந்தது. கடனுக்குச் சரக்கு வாங்கியவர் பெயரில் "பற்று" என்று எழுதுவோம். அவர் நமக்குத் தர வேண்டியது அது. பணப்பெட்டியையும் அப்படி ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் 500 ரூபாய் தந்தால் அவர் பெயரில் வரவு 500. அதைப் பெட்டி வாங்கிக்கொண்டது, ஆகவே பெட்டியின் பெயரில் பற்று 500. அவ்வளவுதான். 18 வருடமாக நான் எழுதிய விஷயம்தான் அது!

டாலியே கடைக்காரர் தேவையில் பிறந்ததுதான். ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குப் பொருத்தமான சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவை எழுத வைத்தார். பெங்களூரில் 1986-ல் கம்பெனி தொடங்கியது.

வேலை கிடைத்தது. சம்பளம் பழைய கூலியை விடக் குறைவு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூன்றாம் மாதம் வந்தது வினை. திருவனந்தபுரத்தில் இருந்து 10,000 ரூபாய்க்குச் சரக்கு. வரி 18 சதவீதம், 1,800 ரூபாய். நான் சி.ஜி.எஸ்.டி. 900, எஸ்.ஜி.எஸ்.டி. 900 என்று பதிந்துவிட்டேன். இதே போல அந்த மாதம் பதினோரு பில். டிரையல் பேலன்ஸ் எடுத்தால் இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் சமம். சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆடிட்டர் போன் செய்தார். "அண்ணாச்சி, இந்த பார்ட்டி கேரளால்லா? எதுக்கு எஸ்.ஜி.எஸ்.டி. போட்டிய?"

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், ஒரே மாநிலத்துக்குள் வாங்கினால் வரி இரண்டாகப் பிரியும். வேறு மாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. நாகர்கோவிலுக்குத் திருநெல்வேலியை விடத் திருவனந்தபுரம் பக்கம். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி இருந்ததே திருவிதாங்கூர்-கொச்சியில். பழக்கத்தில் நமக்கு அது வெளியூர். வரிக் கணக்கில் வெளி மாநிலம். மொத்தத் தொகை சரியாக இருந்ததால் டிரையல் பேலன்சுக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது. போர்ட்டலில் உள்ள ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட்டதால்தான் ஆடிட்டர் பிடித்தார். ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20ஆம் தேதி. அன்று 19. இரவு ஒரு மணி வரை பதினோரு பில்லையும் திருத்தினேன். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து புது லெட்ஜர் திறக்கும்போது பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்கிறேன். 33 தமிழ்நாடு, 32 கேரளா. அதற்கேற்ப மாநிலத்தைத் தேர்வு செய்த பிறகே என்டர் தட்டுவேன்.

நீங்களும் பழக நினைத்தால் பணம் கட்டுமுன் டாலி பிரைம் சாஃப்ட்வேரை அந்நிறுவனத்தின் தளத்தில் டவுன்லோட் செய்து, எஜுகேஷனல் மோடில் திறங்கள். லைசென்ஸ் வேண்டாம். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிய முடியும். பழக அது போதும். உங்கள் வீட்டுக் கணக்கையே ஒரு கம்பெனியாக உருவாக்கி, பால்காரர், மளிகைக் கடை, பேங்க் என்று லெட்ஜர் போட்டு ஒரு மாதக் கணக்கைப் பதியுங்கள். பால்காரர் பெயரில் மாதக் கடைசியில் எந்தப் பக்கம் பாக்கி நிற்க வேண்டும் என்று முதலில் பேப்பரில் எழுதிவிட்டு, பிறகு ஸ்கிரீனைப் பாருங்கள்.

இப்போது மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வளையலைப் போன வருடம் மீட்டாயிற்று. மகள் பி.காம். சேர்ந்துவிட்டாள், பிளஸ் ஒன் புத்தகம் மட்டும் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.